மருந்து விட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது: நாயின் காதுத் தொற்று

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஐந்து வயது. இரண்டு ஆண்டுகளாகக் காதில் தொற்று வந்துகொண்டே இருக்கிறது. தலையை உதறுவான், பின்னங்காலால் காதைப் பிறாண்டுவான், பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக அழுக்கு வரும், புளித்த வாடை அடிக்கும். மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தை ஐந்தாறு நாள் விட்டால் சரியாகிவிடுகிறது. ஒன்றரை மாதத்தில் மறுபடியும் அதே கதை. இப்போதெல்லாம் வீட்டில் மீந்திருக்கும் மருந்தையே விடுகிறோம். தினமும் பட்ஸ் வைத்துத் துடைத்தும் விடுகிறோம். பாதங்களை நக்கிக்கொண்டே இருக்கும் பழக்கமும் அவனுக்கு உண்டு. அது இதற்குத் தொடர்பில்லாதது என்று நினைக்கிறேன். இதை நிரந்தரமாகக் குணப்படுத்த வழி இருக்கிறதா?

பதில்: தொடர்பில்லாதது என்று கடைசியில் சேர்த்தீர்களே, அந்தப் பாதம் நக்கும் பழக்கம், அதிலிருந்துதான் நான் தொடங்குவேன். ஆனால் முதலில் "சரியாகிவிடுகிறது" என்ற சொல்லைக் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது.

வாடை நின்றது, உதறல் நின்றது என்பதைத்தான் சரியானதாக எடுத்துக்கொள்கிறீர்கள். நடந்தது வேறு. உங்கள் மருந்து ஈஸ்டையோ பாக்டீரியாவையோ கொஞ்சம் ஒடுக்கியிருக்கிறது; அதிலிருந்த ஸ்டீராய்டு வீக்கத்தையும் அரிப்பையும் தணித்திருக்கிறது. இந்தக் கிருமிகள் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவையல்ல. ஆரோக்கியமான நாயின் காதிலும் அவை சிறு எண்ணிக்கையில் குடியிருக்கின்றன. காதின் உட்தோல் வீங்கி, சூடாகி, ஈரம் கசியத் தொடங்கினால் அவற்றுக்குக் கொண்டாட்டம். அப்படி வீங்க வைத்தது எது? இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் இதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

நாயின் காதுக்குழாய் மனிதருடையதைப் போல நேரே உள்ளே போவதில்லை. 'ட' என்ற எழுத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திறப்பிலிருந்து கீழ்நோக்கி இறங்கி, அடியில் சட்டென்று திரும்பி, தலைக்குள் படுக்கைவாட்டில் ஓடிச் செவிப்பறையில் முடிகிறது. நீங்கள் கண்ணால் பார்ப்பது அந்த 'ட'வின் மேல்நுனியை மட்டும். இந்தக் குழாய்க்குத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் ஏற்பாடும் உண்டு: செவிப்பறையிலிருந்து தோல் செல்கள் மெதுவாக வெளிப்பக்கம் நகர்ந்து, குறும்பியையும் தூசியையும் சுமந்துவந்து வெளியே தள்ளிவிடும். அழற்சி வந்த காதில் இந்த நகர்வு நின்றுபோகிறது.

இப்போது உங்கள் பட்ஸ் என்ன செய்கிறது என்று புரியும். பாதி அழுக்கை எடுக்கிறது, மீதியை 'ட'வின் மூலையில் கொண்டுபோய் அடைக்கிறது, போகிற வழியில் தோலையும் உரசிவிடுகிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பாதத்துக்கு வருவோம். திரும்பத் திரும்ப வரும் காதுத் தொற்றுக்கு அடிப்படையாக நாங்கள் அதிகம் காண்பது ஒவ்வாமையைத்தான். வீட்டுத் தூசியிலுள்ள சிற்றுண்ணி, மகரந்தம், பூஞ்சை போன்றவற்றால் வரும் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். உங்கள் நாய்க்குத் தொடங்கிய வயதும் ஏறக்குறைய அதுதான். காதுக்குழாய் என்பது உள்ளே மடிந்த தோல்தான். ஆகவே பாதத்தை நக்குவதும், முகத்தைத் தரையில் தேய்ப்பதும், அக்குளும் தொடையிடுக்கும் சிவப்பதும், காது நாறுவதும் ஒரே நோயின் வெவ்வேறு முகங்களாக இருக்கலாம். சில நாய்களில் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, காது மட்டும் படும். ஆண்டின் எந்த மாதங்களில் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

உணவு ஒவ்வாமையும் இதே கோலத்தில் வரும். அதைக் கண்டுபிடிக்க நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. முடியையோ எச்சிலையோ அனுப்பிச் செய்யும் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். நம்பக்கூடிய வழி ஒன்றுதான்: நாய் இதுவரை சாப்பிட்டிராத புரதத்தையோ, புரதம் நுண்ணியதாகச் சிதைக்கப்பட்ட மருத்துவ உணவையோ குறைந்தது எட்டு வாரம் கொடுப்பது. அந்த எட்டு வாரமும் வேறு ஒரு துண்டு வாயில் படக்கூடாது. பிஸ்கட், மெல்லும் எலும்பு, இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரை, குழந்தை மேசைக்கடியில் நீட்டும் கவளம் எல்லாமே கணக்கில் சேரும். இந்தச் சோதனை தோற்பது பெரும்பாலும் அந்தக் கவளத்தில்தான். எட்டு வாரத்தில் தேறினால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்பினால் உணவுதான் குற்றவாளி. தேறிவிட்டதே, ஏன் மறுபடி சோதிக்க வேண்டும் என்று பலர் இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். அப்போது தேறியது உணவாலா, பருவம் மாறியதாலா என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காதுச் சிற்றுண்ணி குட்டிகளில்தான் அதிகம். காப்பித்தூளைப் போல உலர்ந்த கருப்பு அழுக்கு வரும், வீட்டிலுள்ள பூனைக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும். ஒரே காதில் திடீரென்று வலியோடு தொடங்கினால் புல்முள் போன்ற ஏதாவது உள்ளே போயிருக்கலாம். வயதான நாயில் ஒரு காது மட்டும் விடாமல் தொல்லை கொடுத்தால் கட்டி இருக்கிறதா என்று பார்ப்போம். மந்தமாகி, எடை கூடி, முடி மெலிந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். தண்ணீரில் விளையாடுவதும் தொங்கும் காதும் தொற்றுக்கு வசதி செய்து கொடுப்பவையே தவிர, பெரும்பாலும் அவையே மூல காரணமாக இருப்பதில்லை. லாப்ரடார் என்றால் நீந்தத்தான் செய்யும். நீந்தும் எல்லா லாப்ரடாருக்கும் காது நாறுவதில்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: காது அழுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது. காதில் சுழற்றி எடுத்த பஞ்சை ஒரு கண்ணாடி ஸ்லைடில் உருட்டி, சாயம் ஏற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். பத்து நிமிட வேலை. மலசேசியா என்ற ஈஸ்ட் இரு விதை கொண்ட நிலக்கடலை போல, நடுவில் இடுங்கித் தெரியும். ஊதா நிறத்தில் கூட்டம் கூட்டமாக இருக்கும். உங்கள் நாயின் பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் அதையே நினைவூட்டுகின்றன, ஆனாலும் வாடையை வைத்து மருந்து எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைப் பாக்டீரியா. நீண்ட குச்சி வடிவங்கள் தெரிந்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன்: சூடோமோனாஸாக இருக்கலாம். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத கிருமி அது. கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மசியும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இரண்டு காதுக்கும் தனித்தனி ஸ்லைடு வேண்டும். ஒரு காதில் ஈஸ்டும் மறுகாதில் பாக்டீரியாவும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

மீந்த மருந்தின் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. போன முறை ஈஸ்ட், இந்த முறை குச்சிப் பாக்டீரியா என்றால், அரைகுறை அளவு ஆன்டிபயாட்டிக் அதை மேலும் முரடாக்கும். அதைவிடக் கவலையானது செவிப்பறை. அது கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கும் குளோர்ஹெக்சிடின் கலந்த கழுவுநீரும் உட்காதைத் தொட்டுக் கேட்கும் திறனையும் உடல் சமநிலையையும் கெடுக்கக்கூடும். கிழிந்திருக்கிறதா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், எண்ணெய் எதுவும் வேண்டாம். புண்ணான காதில் ஸ்பிரிட் விழுந்த நாய், அதன்பின் பாட்டிலைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய்விடும். பிறகு நல்ல மருந்தையும் விட முடியாது.

மருந்து விடுவதில் இரண்டு பிழைகள் பொதுவானவை, உங்கள் கடிதத்திலும் ஒன்று இருக்கிறது. முதலாவது, நாட்கள் போதாமை. சாதாரணத் தொற்றுக்கே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். நாள்பட்டதற்கு இன்னும் கூடும். நிறுத்த வேண்டியது வாடை போனதும் அல்ல, ஸ்லைடு சுத்தமானதும். இரண்டாவது, அளவு போதாமை. திறப்பில் நான்கு சொட்டு விழுந்தால் 'ட'வின் அடிவரை எப்படிப் போகும்? பெரிய நாய்க்கு ஒரு காதுக்கு ஒரு மில்லி வரைகூடத் தேவைப்படலாம். சொட்டுக் கணக்கு வேண்டாம், மில்லி கணக்கில் சொல்லுங்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து விடுவது எளிது. மருத்துவமனையிலேயே ஒரே முறையாக நிரப்பும் ஜெல் வகையும் உண்டு. அதைப் போட்டால், அவர்கள் சொல்லும் நாள்வரை காதைக் கழுவவே கூடாது. குழாய் வீங்கி அடைத்திருந்தால் மருந்து இறங்காது. முதலில் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வழி திறக்க வேண்டியிருக்கும்.

கழுவுவது எப்படி? மருத்துவர் பரிந்துரைத்த கழுவுநீரைக் கைச்சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து, குழாய் நிரம்பும்வரை ஊற்றுங்கள். காதின் அடியில், தாடை முடியும் இடத்துக்கு மேலே, விரல்களால் அரை நிமிடம் பிசையுங்கள். 'சளக் சளக்' என்று சத்தம் வந்தால் சரியான இடத்தில் கை இருக்கிறது. பிறகு விலகி நின்று அவனை உதற விடுங்கள். முகத்தில் தெறிக்கும், பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வந்ததைப் பஞ்சால் ஒற்றுங்கள், விரல் போகும் ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். தொற்று அடங்கிய காதுக்கு வாரம் ஒருமுறை போதும். தினமும் நனைத்தால் தோல் ஊறி அதுவே புண்ணாகும்.

நிரந்தரமாகக் குணமாகுமா என்று கேட்டீர்கள். உணவுதான் காரணம் என்று தெரிந்தால், அதை விலக்குவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். சூழல் ஒவ்வாமை என்றால் முடியாது. அது ஆயுளுக்கும் கூடவே வரும், கட்டுக்குள் வைக்கலாம். அதற்கு அரிப்பை அடக்கும் ஓக்ளாசிடினிப் போன்ற மாத்திரை, மாதாந்தர ஊசி, ஒவ்வாமைக்குப் பழக்கும் தடுப்பூசி என்று பல வழிகள் இருக்கின்றன. காதைப் பொறுத்தவரை எனக்கு அதிகம் கைகொடுப்பது, அதிகம் பேர் செய்யாதது ஒன்று: தொற்று முழுதும் அடங்கிய பிறகும் மருத்துவர் மேற்பார்வையில் வாரம் ஒன்றிரண்டு முறை ஸ்டீராய்டு மட்டும் உள்ள சொட்டு மருந்து. ஆன்டிபயாட்டிக் கலக்காதது. வீக்கமே வராத காதில் கிருமி பெருக இடமில்லை. ஆண்டுக்கு ஏழெட்டு முறை வந்தது ஒன்றோ இரண்டோ ஆகலாம். அதை நான் வெற்றி என்றே கணக்கு வைக்கிறேன்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். காதின் அடியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். இளகி வளைய வேண்டியது, தடித்த குழாய் போல உறுதியாகத் தட்டுப்பட்டால் தோல் தடித்து, சுண்ணாம்பு படியத் தொடங்கியிருக்கலாம். நாள்பட்ட தொற்று நடுக்காதுக்கும் இறங்கும். அப்போது மயக்க மருந்து கொடுத்து உள்ளே கழுவுவதும் சி.டி. ஸ்கேனும் தேவைப்படும். எதற்கும் மசியாத காதில் குழாயையே முழுதாக அகற்றும் அறுவை சிகிச்சை இருக்கிறது. கேட்கும் திறன் பெருமளவு போய்விடும், ஆனால் வலி போகும். ஆண்டுக்கணக்கில் சுணங்கிக் கிடந்த நாய், தையல் பிரித்த பின் பந்தைக் கவ்விக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

தலை ஒரு பக்கம் சாய்ந்தே இருந்தாலோ, தள்ளாடினாலோ, ஒரு கண்ணிமை மூடாவிட்டாலோ, வாய் திறக்க வலித்தாலோ, மடல் பலூன் போல ரத்தம் கட்டி உப்பினாலோ அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் நேரம் வாங்குங்கள். இதுவரை விட்ட மருந்துப் பாட்டில்கள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து காதில் மருந்தும் வேண்டாம், கழுவலும் வேண்டாம். அழுக்கோடு அழைத்துப் போகக் கூச்சமாக இருக்கும். நாங்கள் பார்க்க வேண்டியதே அந்த அழுக்கைத்தான்.