லட்லோ சாலைப் பள்ளம்: யாரிடம் கேட்பது?

இங்கிலாந்தின் லட்லோ ஊரில் வண்டி பள்ளத்தில் இறங்கி டயர் கிழிந்துவிட்டது, டவுன் கவுன்சிலுக்கு எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், நாள்தான் வீணாகும். கழுத்தில் சங்கிலி போட்ட மேயர் அங்கே இருக்கிறார், சரி. ஆனால் சாலை அவர் கையில் இல்லை. கோட்டை வாசலில் கூடும் சந்தை மாதிரி விஷயங்கள்தான் அவர்கள் பாடு. ஊர்ச் சாலைகள், மாவட்டத்தைக் கவனிக்கும் ஷ்ராப்ஷயர் கவுன்சிலின் பொறுப்பு. ஊரை ஒட்டிப் போகும் ஏ49 நெடுஞ்சாலை என்றால் அதுவும் இல்லை, பெரிய நெடுஞ்சாலைகளைப் பார்க்கும் அரசு நிறுவனமான நேஷனல் ஹைவேஸ்.

இழப்பீடு கேட்டால் முதல் பதில் 'முடியாது' என்று வரலாம், அசராதீர்கள். 1980 நெடுஞ்சாலைச் சட்டம், பிரிவு 58: நியாயமான அளவுக்குப் பராமரித்தோம் என்று காட்டிவிட்டால் அவர்கள் தப்பிக்கலாம். அதனால் அந்தச் சாலையைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள், முன்பே புகார் வந்ததா என்ற பதிவுகளைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். வேறொரு ஊரில் எனக்குக் காசு கிடைத்ததே அந்தத் தாளால்தான்: நான் வண்டியைப் பள்ளத்தில் விடுவதற்கு மூன்று வாரம் முன்பே யாரோ புகார் கொடுத்திருந்தார், புண்ணியவான்!

வண்டி வராத நேரமாகப் பார்த்து, பள்ளத்துக்குள் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். மழைக்கு முன் போங்கள். தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. டயர் கடை ரசீது பத்திரம்.