மளிகைக் கடை அனுபவத்தை நேர்காணலில் சொல்லலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன். வளாகத் தேர்வில் இரண்டு நிறுவனங்களின் எழுத்துத் தேர்வில் தேறியும் ஹெச்.ஆர். சுற்றில் வாய்ப்பை இழந்தேன். உங்கள் பலம் என்ன என்று கேட்டபோது, குழுவாகப் பணியாற்றுவேன், தலைமைப் பண்பு உண்டு, எல்லோருடனும் நன்றாகப் பழகுவேன் என்று சொன்னேன். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் பற்று நோட்டைக் கவனித்துக்கொள்வதால் கல்லூரி மன்றம், விழாக்குழு எதிலும் நான் இருந்ததில்லை. மென்திறன்களுக்கு எதைச் சான்றாகக் காட்டுவது?
– வாசகர், சிவகாசி

பதில்: நீங்கள் சொன்ன மூன்று பண்புகளையும் அன்று உங்களுக்கு முன்னும் பின்னும் வந்த மாணவர்களும் சொல்லியிருப்பார்கள். அவற்றைக் கேட்பவரால் மறுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. அதனால்தான் பல நிறுவனங்கள் இப்போது, எல்லா விண்ணப்பதாரர்களிடமும் ஒரே வகைக் கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடுகின்றன. பணியாளர் தேர்வு குறித்த 85 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து, அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வாறு வரையறுத்து நடத்தும் நேர்காணல், மனம்போன போக்கில் நடத்துவதைவிட ஒருவருடைய பணித்திறனை நன்றாகக் கணிக்கிறது என்று காட்டியது. ‘கோபமாக இருந்த ஒருவரை நீங்கள் சமாளித்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள்’ என்பது போன்ற கேள்விகள் இந்த வழியில் வருபவை. உங்கள் பலத்தைக் கேட்டாலும் இப்படி ஒரு சந்தர்ப்பத்தையே பதிலாகக் கொடுங்கள்.

அதற்கு உங்கள் கடையே போதும். பற்றுக் கணக்கில் தகராறு வராத மளிகைக் கடை ஏது? உங்களுக்கு நேர்ந்ததை இந்த அளவுக்கு விவரமாகச் சொல்லிப் பாருங்கள்: “தம் கணக்கில் 640 ரூபாய் கூடுதலாக இருப்பதாக ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்டார். கடையில் கூட்டம் இருந்ததால் அவரை உட்காரச் சொல்லி, மற்றவர்களுக்குச் சாமான் கொடுத்து அனுப்பிவிட்டு, நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்துத் தேதிவாரியாக இருவரும் பார்த்தோம். அதே பெயருள்ள இன்னொருவர் வாங்கிய சாமான் இவர் கணக்கில் ஏறியிருந்தது. மன்னிப்புக் கேட்டு, தொகையைக் கழித்தேன். அன்றிலிருந்து பெயருடன் தெருவையும் எழுதி, ஒவ்வொரு பற்றுக்கும் கையெழுத்து வாங்குகிறேன்.” இதில் பொறுமை, நேர்மை என்ற சொற்கள் எங்கும் இல்லை. ஆனால், நோட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தீர்கள் என்ற ஒரு விவரத்திலேயே உங்கள் அணுகுமுறை தெரிந்துவிடுகிறது. தவறு மறுபடி நேராமல் ஏற்பாடு செய்ததோ, தொழிற்சாலைப் பணிக்கு ஆள் எடுப்பவர் மிகவும் விரும்பிக் கேட்கும் செய்தி.

சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, விளைந்தது என்ற இந்த வரிசையைப் பயிற்சி வகுப்புகளில் ‘ஸ்டார்’ முறை என்பார்கள். பெரும்பாலோர் சூழலை விவரிப்பதிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டு, தாம் செய்ததை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பேச்சில் பாதிக்கு மேல் உங்கள் செயலுக்கே போகட்டும். மொத்தம் இரண்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அடக்கம் கருதி எல்லாவற்றையும் ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்வது நம் வழக்கம். நேர்காணலில் அது உங்கள் பங்கை மறைத்துவிடும் என்பதால், கல்லூரிப் புராஜெக்ட் பற்றிப் பேசும்போது குழு செய்தது எது, நீங்கள் செய்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். நடக்காத எதையும் தயவுசெய்து புனைய வேண்டாம். ‘அப்போது அவர் என்ன சொன்னார்?’ என்று அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் வந்தாலே புனைவு குலைந்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

அந்த அறையில் நீங்கள் நடந்துகொள்வதும் சான்றுதான். கேள்வியை முழுவதும் கேட்டுவிட்டு, சற்று யோசித்துப் பேசுங்கள். புரியாவிட்டால் மீண்டும் கேட்பதில் குறைவொன்றும் இல்லை. ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால் சின்னச் சின்ன வாக்கியங்களே போதும்.

கேள்வி: குழு விவாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் என் குரல் எடுபடுவதே இல்லை. சத்தமாகப் பேசினால்தான் தேர்வாக முடியுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இல்லை. முதலில் பேசுவது, தலைப்பைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே நன்மை. நீங்கள் ஒருவர் பேசி முடிக்கும் கணத்தில் அவர் பெயரைச் சொல்லி, அவருடைய கருத்தை ஒரு வரியில் ஏற்றோ மறுத்தோ உங்கள் கருத்தைச் சேருங்கள். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் கவனிப்பார், மற்றவர்களும் சற்று அடங்குவார்கள். அதுவரை பேசாமல் இருக்கும் ஒருவரை, ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்பது மதிப்பிடுபவர்கள் குறித்துக்கொள்ளும் செயல். பேசியவர்களின் கருத்துகளைத் தாளில் சுருக்கமாக எழுதிக்கொண்டே வாருங்கள். விவாதத்தைத் தொகுத்துச் சொல்ல யாரேனும் முன்வருமாறு இறுதியில் கேட்டால், அதற்குத் தேவையான குறிப்பு உங்கள் கையிலேயே இருக்கும்.