லண்டனில் பத்து நாள்: டிராவல்கார்டா, ஆய்ஸ்டரா, கையில் இருக்கும் பேங்க் கார்டே போதுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர், கணவர், 13 வயது மகன், 9 வயது மகள், 67 வயது மாமியார் என ஐந்து பேர் லண்டன் போகிறார்கள். நாத்தனார் வீடு ஈஸ்ட் ஹாமில். வியாழன் காலை ஹீத்ரோவில் இறங்கி, அடுத்த வாரம் சனிக்கிழமை திரும்புகிறார்கள். "எல்லோருக்கும் 7 நாள் டிராவல்கார்டு வாங்கிடு" என்கிறார் நாத்தனார் (முன்கூட்டியே மொத்தமாகக் காசு கட்டிவிட்டு, அந்த நாட்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் பஸ், ரயில் ஏறும் பாஸ் அது). டிராவல் ஏஜெண்டோ இங்கேயே லண்டன் பாஸும் விசிட்டர் ஆய்ஸ்டரும் வாங்கித் தருகிறேன் என்கிறார் (ஆய்ஸ்டர் என்பது பணம் ஏற்றிவைத்து, பயணத்தின்போது தட்டும் லண்டன் போக்குவரத்துக் கார்டு). எது லாபம் என்பதுதான் கேள்வி.

ஏஜெண்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். லண்டன் பாஸ் என்பது அரண்மனை, கோட்டை, படகுச் சவாரிக்கான நுழைவுச்சீட்டு. பேரைப் பார்த்து பஸ், ரயில் பாஸ் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய. போக்குவரத்துக்கு என்று இங்கிருந்து எதையும் வாங்கிக்கொண்டு போகவே வேண்டாம்.

நாத்தனார் சொல்வது தப்பில்லை, கொஞ்சம் பழைய கணக்கு, அவ்வளவுதான். ஒரு காலத்தில் லண்டன் போனால் முதல் வேலை டிராவல்கார்டு. 2003இல் ஆய்ஸ்டர் வந்தது, 2012 டிசம்பரில் பஸ்ஸிலும் 2014 செப்டம்பரில் டியூப் எனும் சுரங்க ரயிலிலும் சாதாரண காண்டாக்ட்லெஸ் பேங்க் கார்டையே தட்டிவிட்டுப் போகலாம் என்றானது, அப்புறம் 2021இல் ஆய்ஸ்டருக்கும் திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வார உச்சவரம்பு வந்தது. இந்த உச்சவரம்பு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்த மாதிரி.

நீங்கள் தட்டத் தட்ட ஒவ்வொரு பயணத்துக்கும் காசு ஏறும், ஒரு தொகையைத் தொட்டதும் நின்றுவிடும், அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கூடுதலாக எதுவும் இல்லை. அவர்கள் கணக்கில் ஒரு 'நாள்' விடியற்காலை 4:30க்குத் தொடங்கி மறுநாள் 4:29 வரை. லண்டனை நடுவிலிருந்து வெளியே போகப் போக ஸோன் 1, 2, 3 என்று வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 2025 மார்ச் கட்டணப்படி ஸோன் 1, 2க்குள் சுற்றினால் நாளுக்கு அதிகபட்சம் 8.90 பவுண்டு, ஸோன் 3 வரை என்றால் 10.50, ஹீத்ரோ இருக்கும் ஸோன் 6 வரை போனால் 16.30. பஸ் மட்டும் என்றால் 5.25. கீழே வரும் கட்டணமும் வரம்பும்கூட அதே 2025 மார்ச் கணக்குதான். கட்டணத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

இப்போது ஈஸ்ட் ஹாம். உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், அந்த நிலையம் ஸோன் 3க்கும் 4க்கும் எல்லையில் இருக்கிறது. மத்திய லண்டன் போய்வரும்போது அது ஸோன் 3 என்றே கணக்காகும். ஆக உங்கள் நாள் வரம்பு 10.50, ஸோன் 1 முதல் 3 வரைக்கான வார வரம்பு 52.50. 7 நாள் டிராவல்கார்டின் விலையும் அதே 52.50தான்! ஒரே விலைக்கு, முன்கூட்டிக் கட்டிவிட்டால் டிராவல்கார்டு, தானாக வந்து நின்றால் வார வரம்பு.

வித்தியாசம் கிழமையில் இருக்கிறது. டிராவல்கார்டு நீங்கள் சொல்லும் நாளிலிருந்து ஏழு நாள். வார வரம்போ திங்களிலிருந்து ஞாயிறு வரை மட்டும். நீங்கள் வியாழன் இறங்குகிறீர்கள், அதனால் முதல் நான்கு நாள் ஒரு வாரத்திலும் மிச்ச ஆறு நாள் அடுத்த வாரத்திலும் விழுகிறது. அந்த முதல் நான்கு நாளுக்கு வார வரம்பு கிட்டத்தட்ட எட்டவே எட்டாது, நாள் வரம்பு மட்டும்தான் காப்பாற்றும். நாத்தனார் டிராவல்கார்டு வாங்கச் சொல்வது இதனால்தான் என்றால், அவர் விவரமான ஆள்.

ஆனால் பத்து நாளும் நீங்கள் காலையிலிருந்து ராத்திரி வரை சுற்றப்போகிறீர்களா? சொந்தக்காரர் வீட்டில் தங்கும் பயணம் அப்படி இருக்காது. முதல் நாள் ஜெட்லாக், வெள்ளிக்கிழமை "எங்கே போறீங்க, சாப்பிட்டுட்டுப் படுங்க" என்று வீட்டிலேயே போகும், ஒருநாள் யாராவது காரில் கூட்டிப் போவார்கள். அதனால் யதார்த்தமாக ஒரு ஆளுக்கு இப்படிப் போட்டுப் பார்த்தேன். வியாழன் ஹீத்ரோவிலிருந்து டியூப்பில் 5.80. வெள்ளி ஒன்றுமில்லை. சனி முழுநாள் சுற்றல், 10.50. ஞாயிறு கோவில், 7 என்று வைப்போம். திங்கள், புதன், வியாழன் முழு வரம்பு, செவ்வாயும் வெள்ளியும் போய்வர மட்டும், தலா 6.50. கடைசி சனி மறுபடி ஹீத்ரோ 5.80. கூட்டினால் 73.60 பவுண்டு வருகிறது. இதையே டிராவல்கார்டில் போட்டால் புதன் வரைக்கும் 52.50, பிறகு வியாழன், வெள்ளி, சனிக்குத் தனியாக 22.80, டிராவல்கார்டை ஏற்றிக்கொள்ள ஆய்ஸ்டர் கார்டு 10 பவுண்டு, ஆக 85ஐத் தாண்டும். போதாததற்கு உங்கள் டிராவல்கார்டு ஸோன் 3 வரைக்கும்தான், ஹீத்ரோ ஸோன் 6, முதல் நாள் அந்த மிச்ச தூரத்துக்கு வேறு காசு. ஒரு நாள் டிராவல்கார்டு பக்கமே போகாதீர்கள். அதில் மலிவானதே 16.60, நீங்கள் எவ்வளவு சுற்றினாலும் வரம்பு 10.50தான் என்னும்போது அதை எதற்கு வாங்க வேண்டும்?

டிராவல்கார்டு ஜெயிக்கும் இடமும் உண்டு. மத்திய லண்டனில் ஹோட்டல் எடுத்து, வியாழன் முதல் புதன் வரை சரியாக ஏழு நாள், தினமும் நாலைந்து முறை டியூப் ஏறுபவர் என்றால் நாள் வரம்புகளைக் கூட்டினால் 62.30, டிராவல்கார்டு 44.70, கார்டு விலை போக 7 பவுண்டுக்கு மேல் மிச்சம். அவர் வாங்கட்டும். நீங்கள் வேண்டாம்.

சரி, பேங்க் கார்டா ஆய்ஸ்டரா? பெரியவர்களுக்கு பேங்க் கார்டு. கட்டணமும் வரம்பும் இரண்டுக்கும் ஒன்றே. ஆய்ஸ்டருக்குக் கார்டு விலை 10 பவுண்டு, அது திரும்பாது. நம் ஊர் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு மார்க்கப் என்று 3.5 சதவீதம் பிடித்து அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டாலும், 74 பவுண்டுக்கு 3 பவுண்டுதான் ஆகிறது. பவுண்டில் காசு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு காண்டாக்ட்லெஸ்ஸாக இருந்தால் அந்த மூன்றும் மிச்சம்.

இதில் மூன்று விஷயம் கோவையிலேயே பார்த்துவிட வேண்டும். ஒன்று, கார்டில் விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் இவற்றில் ஏதாவது இருக்க வேண்டும், ரூபே அங்கே எடுபடாது. யுபிஐயும் கிடையாது. இரண்டு, 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் காண்டாக்ட்லெஸ்ஸும் அணைத்துவைத்தே வருகின்றன. பேங்க் ஆப்பில் போய் இரண்டையும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் ஆன் செய்துவிட்டுப் போய் ஹீத்ரோ கேட்டில் சிவப்பு விளக்கைப் பார்த்து முழிப்பவர்கள்தான் அதிகம். முதல் தட்டில் கேட் திறந்துவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், பேங்க் பிறகு பணம் தர மறுத்தால் அடுத்த தட்டில் கார்டு நின்றுவிடும். மூன்று, ஆளுக்கு ஒரு கார்டு. ஒரே கார்டை இரண்டு பேர் அடுத்தடுத்துத் தட்டி உள்ளே போக முடியாது. உங்கள் டெபிட் கார்டு உங்களுக்கு, கணவரின் டெபிட் கார்டு அவருக்கு, அவருடைய கிரெடிட் கார்டு மாமியாருக்கு. யார் பெயரில் கார்டு என்பதெல்லாம் கேட் பார்க்காது, நம்பர் வேறாக இருந்தால் போதும், ஆனால் கடைசி நாள் வரை அவரவர் கார்டு அவரவர் கையில் இருக்க வேண்டும், இன்றைக்கு மாற்றிக்கொண்டால் இரண்டு பேர் வார வரம்பும் குழம்பிப்போகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் போனில் இருந்த கார்டைத் தட்டி உள்ளே போனேன், இறங்கும்போது போன் சார்ஜ் இல்லை, பர்ஸிலிருந்து அதே கார்டை எடுத்துத் தட்டி வெளியே வந்தேன். ஒரே கார்டுதானே என்று எனக்கு நினைப்பு, கணினிக்கு அது இரண்டு ஆள்: ஒருவர் உள்ளே போய் வெளியே வரவில்லை, இன்னொருவர் உள்ளே போகாமலே வெளியே வந்திருக்கிறார், இரண்டு பேருக்கும் அதிகபட்சக் கட்டணம்! தவறு என்னுடையது. ஆன்லைனில் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கினேன். போன் என்றால் கடைசி வரை போன், கார்டு என்றால் கார்டு. டியூப்பில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், கேட் இல்லாத சின்ன நிலையத்தில் கம்பத்தில் மஞ்சள் வட்டம் இருக்கும், அதையும் தேடித் தட்டுங்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். பஸ்ஸில் நோட்டு, சில்லறை எதுவும் வாங்க மாட்டார்கள், 2014 ஜூலையோடு அது முடிந்துவிட்டது.

இப்போது பிள்ளைகள். 9 வயதுக்கு எதுவுமே வேண்டாம். 11 வயதுக்குக் கீழே பஸ்ஸில் இலவசம், டியூப், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன் என்ற நகர ரயில்கள் எல்லாவற்றிலும் பெரியவரோடு போனால் இலவசம். அகலமான கேட்டில் நீங்கள் தட்டுங்கள், மகளை முன்னே விட்டு ஒட்டியபடியே போய்விடுங்கள். வேறு ரயில் கம்பெனி ஓட்டும் வண்டிகளில் மட்டும் பாதி டிக்கெட் கேட்கலாம்.

உங்கள் வீட்டில் ஆய்ஸ்டர் வாங்க வேண்டிய ஒரே ஆள் 13 வயதுப் பையன்தான். 11 முதல் 15 வயது வரை வெளியூர்ப் பிள்ளைகளுக்கு 'யங் விசிட்டர்' சலுகை என்று ஒன்று உண்டு, 14 நாளைக்குப் பாதிக் கட்டணம், பாதி வரம்பு. பேங்க் கார்டில் இது கிடையாது. மெஷினில் ஆய்ஸ்டர் வாங்கினாலும் அது தானாக ஏறாது, நிலைய ஊழியரிடம் கேட்டு அவர் ஏற்றித் தர வேண்டும், பையனும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஹீத்ரோ டியூப் நிலையத்தில் முதல் கேட்டைத் தாண்டும் முன்பே இதை முடித்துவிடுங்கள். களைப்பில் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் முதல் பயணத்துக்கே முழுக் காசு போகும். கார்டு விலை 10 போனாலும் அவனுக்கு மொத்தம் 47 பவுண்டு போல ஆகும், இல்லாவிட்டால் 74.

மாமியாருக்கு சீனியர் பாஸ் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. லண்டனில் முதியோருக்கு இலவசப் பாஸ் இருப்பது உண்மை, ஆனால் அது அங்கே குடியிருப்பவர்களுக்கு. அவருக்கும் முழுக் கட்டணம்தான். அதனால்தான் அவருக்கு வாரப் பாஸ் வாங்குவது சுத்த வீண் என்கிறேன், மகள் வீட்டுக்கு வந்த அம்மா பத்து நாளில் எத்தனை நாள் உங்களோடு ஊர் சுற்ற வருவார்? வந்த நாளுக்கு மட்டும் தட்டினால் போதும்.

ஹீத்ரோவிலிருந்து இரண்டு வழி. பிக்கடில்லி லைனில் ஏறி பாரன்ஸ் கோர்ட்டில் இறங்கினால் அதே பிளாட்ஃபாரத்தின் எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் வரும், படி ஏறி இறங்க வேண்டாம், அது நேரே ஈஸ்ட் ஹாம் போகும். 5.80தான், ஆனால் நேரம் இழுக்கும், அந்த வண்டியில் பெட்டி வைக்க இடமும் குறைவு. எலிசபெத் லைனில் வைட்சாப்பல் வந்து மாறினால் சீக்கிரம், வண்டியும் விசாலம், ஆனால் மத்திய லண்டன் வருவதற்கே 13.90. என்னைக் கேட்டால் வரும்போது பெட்டியோடும் மாமியாரோடும் எலிசபெத் லைன், என் கணக்கில் ஆளுக்கு 8 பவுண்டாவது கூடும், கூடட்டும். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் பாடிங்டனோடு நின்றுவிடும், உங்களுக்கு அது பிரயோஜனமே இல்லை.

பஸ்ஸை மறந்துவிடாதீர்கள். 1.75 கொடுத்து ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசு. டவர் ஆஃப் லண்டன் பார்த்துவிட்டு 15ஆம் நம்பரில் மாடியில் முன் சீட்டைப் பிடித்தால் செயின்ட் பால்ஸ் வழியாக டிரஃபால்கர் சதுக்கம் வரை பிள்ளைகளுக்கு வேடிக்கை, இதற்கே டூரிஸ்ட் பஸ்காரர்கள் பல மடங்கு வாங்குகிறார்கள். ஹைகேட் முருகன் கோவிலுக்குப் போக மத்திய லண்டன் வழியாகச் சுற்றவும் வேண்டாம். பார்க்கிங் (Barking) என்ற ஊரின் நிலையம் போய் ஓவர்கிரவுண்டில், இப்போது அதற்கு சஃப்ரஜெட் லைன் என்று பெயர், அப்பர் ஹாலோவேயில் இறங்கி 43ஆம் நம்பர் பஸ் பிடித்தால் ஆர்ச்வே ரோட்டில் கோவில் பக்கம் விட்டுவிடும். ஸோன் 1ஐத் தொடாததால் காசும் குறைவு.

வின்ட்ஸர் போகும் எண்ணம் இருந்தால் அங்கே பேங்க் கார்டு செல்லும், ஆய்ஸ்டர் செல்லாது. அதனால் பையனுக்கும், அது வேறு கம்பெனி ரயில் என்பதால் பெண்ணுக்கும், அன்று குழந்தை டிக்கெட் தனியாக எடுங்கள். தேம்ஸ் படகில் கார்டு தட்டலாம், ஆனால் அந்தக் காசு நாள் வரம்பில் சேராது.

திரும்பும் நாளில் பையனின் ஆய்ஸ்டரில் 10 பவுண்டுக்குள் மிச்சம் இருந்தால் டியூப் நிலைய மெஷினிலேயே எடுத்துக்கொள்ளலாம். அல்லது அப்படியே நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், மீதிப் பணம் காலாவதி ஆகாது, 14 நாள் கழித்து அது சாதாரண பெரியவர் கார்டாகிவிடும், அடுத்து கோவையிலிருந்து யார் வந்தாலும் 10 பவுண்டு மிச்சம்.