மரத்தில் மூன்று படி அடுக்குத் தொட்டி செய்ய எந்த மரம் வாங்கலாம், கரையான் பிடிக்காமல் எப்படி வைப்பது?

தர்மபுரியில் வீட்டுப் பின்புறம் கீரையும் புதினாவும் போட, படிக்கட்டு மாதிரி மூன்று அடுக்கில் மரத் தொட்டி செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். நான் கிருஷ்ணகிரி பக்கம், இதுவரை இரண்டு செய்திருக்கிறேன். முதலாவது இப்போது இல்லை.

அது பேலட் கட்டையில், அதாவது கம்பெனிகளில் சரக்கு அடுக்கி வைக்கும் மரத் தட்டின் கட்டையில் செய்தது. ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனிகளில் கழிக்கிற கட்டைகள் பழைய சாமான் கடைக்கு வரும், அதில் வாங்கினேன். கால்களைச் செம்மண்ணில் அப்படியே ஊன்றிவிட்டேன். ஐப்பசி மழையெல்லாம் முடிந்து தை மாதம் தொட்டியின் கால் ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தால், மேலே பெயின்ட் அப்படியே இருக்கிறது, விரல் உள்ளே போகிறது. மரம் இருந்த இடம் முழுக்கக் கரையான் மண். அடுத்த வாரமே காய் பிடித்திருந்த தக்காளிச் செடிகளோடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ரொம்ப மனசு கஷ்டமாகிவிட்டது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது கால்தான். நம் பக்கம் கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் உடைந்த துண்டுகள் ஒதுக்கிக் கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு மூன்று துண்டு அடுக்கி, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நிறுத்துங்கள். கரையான் கல்மேலும் ஏறும், ஆனால் மண்ணால் கோடு போட்டுக்கொண்டுதான் ஏறும், அது கண்ணுக்குத் தெரியும். வாரம் ஒருமுறை குனிந்து பார்த்து ஒரு துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும்.

சரி, மரம். வேம்பு நல்லது, தேக்குத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. மர வாடியில் பலகையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், நடுவில் நிறம் கறுத்து வைரம் பாய்ந்த பகுதிதான் தாங்கும், ஓரத்து வெள்ளைக்கட்டை எந்த மரமாக இருந்தாலும் கரையானுக்குச் சோறு. பேலட் கட்டைதான் முடியும் என்றால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, வாங்கலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, சாப்பிடும் செடிக்கு வேண்டாம். பழைய இன்ஜின் ஆயில் பூசச் சொல்லி நாலு பேர் சொல்வார்கள், கீரை வளர்க்கிற பெட்டிக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். வெளிப்பக்கம் ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை பூசிக் காயவிட்டால் போதும்.

அளவு, மூன்றடி நீளம், பத்து அங்குல அகலம், எட்டு அங்குல ஆழம். ஒரு பெட்டிக்கு 47 லிட்டர் பிடிக்கும். வெறும் மண் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் ஒன்றே 75 கிலோவைத் தாண்டும், மூன்றுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் வெறும் ஆணி அடிக்காதீர்கள் என்கிறேன், ஈர மண் பலகையை வெளியே தள்ளத் தள்ள ஆணி கழன்று வந்துவிடும். துருப்பிடிக்காத ஸ்க்ரூ போடுங்கள், வேம்பும் தேக்கும் கெட்டி என்பதால் முதலில் டிரில்லில் சின்னதாக ஓட்டை போட்டுக்கொள்ளாவிட்டால் பலகை முனை பிளக்கும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் பெட்டியின் பாரத்தைத் தாங்க குறுக்கே இரண்டு ரீப்பர், அதாவது மெல்லிய மரச் சட்டம். மண்ணோடு பாதிக்குப் பாதி மக்கிய எருவும் தென்னை நார்க் கழிவும் கலந்தால் கனமும் குறையும், ஈரமும் நிற்கும்.

அடிப்பலகைகளுக்கு நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, மேலே பழைய நிழல்வலைத் துண்டு விரித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் கரையானுக்கு முன்னால் மரம் அழுகிவிடும். மேல் பெட்டியில் வடிவது கீழ்ப் பெட்டியில் விழும்படி, கீழ்ப் பெட்டியை அதன் அடியில் இரண்டங்குலம் உள்ளே தள்ளி வைத்தால் தண்ணீரும் மிச்சம். மேல் படி சீக்கிரம் காயும், அங்கே கற்றாழை, கற்பூரவல்லி. நடுவில் கீரை. எப்போதும் ஈரம் கேட்கிற புதினாவுக்குக் கீழ்ப்படி.

அப்புறம் உயரமான பக்கத்தை மேற்கே வையுங்கள், படிகள் கிழக்கைப் பார்க்கட்டும். காலை வெயில் மூன்று படிக்கும் கிடைக்கும், மூன்று மணி வெயிலைப் பின்பலகையே கொஞ்சம் தடுத்துவிடும்.