இரவில் படம் மங்குகிறது: 108 மெகாபிக்சலா, ஓஐஎஸ் உள்ள 50-ஆ?

ஓஐஎஸ் (படமெடுக்கும்போது கை ஆடுவதை ஈடுசெய்யும் கேமரா வசதி) உள்ள 50 மெகாபிக்சல் போனையே வாங்குங்கள். 108 என்ற எண்ணில் மயங்க வேண்டாம். அந்த கேமராக்கள் பெரும்பாலும் ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன.

இரவில், வீட்டுக்குள் மட்டும் மங்குவதாகச் சொல்கிறீர்கள். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும். அதற்குள் கை லேசாக ஆடினாலும் போச்சு.

இப்போதுள்ள போனை எதிலாவது சாய்த்துவைத்து, டைமர் போட்டு, அசையாத பொருள் ஒன்றை அதே விளக்கொளியில் எடுத்துப் பாருங்கள். தெளிவாக வந்தால் கை ஆட்டம்தான் காரணம், ஓஐஎஸ் அதைப் பெரிதும் குறைக்கும். அப்போதும் மங்கலா? முதலில் லென்ஸைத் துடையுங்கள்.

ஆனால் ஓடியாடும் குழந்தையை ஓஐஎஸ் தெளிவாக்காது. அதற்கு, ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் பெரிதாக இருப்பது உதவும். 1/2.76 அங்குல சென்சாரைவிட 1/1.56 அங்குல சென்சார் பெரியது.