ஜிபிஎஸ் கருவியின் திரைக்குள் ஏன் ஆவி படிகிறது?

கேள்வி: நான் சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கிறேன். மாதம் இருமுறை எட்டுப் பேர் கொண்ட குழுவை மெக்ரிச்சி காட்டுப்பாதைக்கோ புலாவ் உபின் தீவுக்கோ அழைத்துச் செல்கிறேன். சில வாரங்களில் உபின் கரையோரமாகக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகும் செலுத்துகிறோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, இரண்டு ஏஏ பேட்டரிகளில் இயங்கும் கையடக்க ஜிபிஎஸ் கருவி என்னிடம் உள்ளது. பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று அச்சிட்டிருந்தார்கள். இப்போது, குறிப்பாக வீடு திரும்ப எம்ஆர்டி ரயிலில் ஏறியதும், திரையின் உட்புறத்தில் ஆவி படிகிறது. பக்கவாட்டு ரப்பரும் பிசுபிசுக்கிறது. கருவியைத் தண்ணீரில் ஒருமுறைகூட மூழ்கடித்ததில்லை. இதை இனி நம்பலாமா?

பதில்: தரையில் நம்பலாம், கடலில் வேண்டாம். உங்கள் கருவியின் மின்னணுப் பகுதி இன்னும் நலமாக இருப்பதாகவே தெரிகிறது. அதைக் காக்க வேண்டிய ரப்பர் அடைப்பு தளர்ந்துவிட்டது. எட்டுப் பேரை வழிநடத்துபவர் கையில் இருக்கும் கருவி என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஐபிஎக்ஸ்7 என்ற குறியீடு எதற்கு உறுதியளிக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஒரு புதிய கருவியை ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடங்கள் அசையாமல் வைத்தெடுக்கும்போது பாதிக்கும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே புகக்கூடாது என்பதே அந்தச் சோதனை. உப்புநீர், வியர்வை, சோப்பு, வெயிலில் சூடேறிய கருவி, எட்டு ஆண்டு வயதான ரப்பர் ஆகியவை அதில் இடம்பெறுவதில்லை. பீய்ச்சியடிக்கும் நீருக்குத் தனிச் சோதனைகள் உள்ளன. அவை ஐபிஎக்ஸ்5, ஐபிஎக்ஸ்6 என்று குறிக்கப்படுகின்றன. 7 என்ற எண் பெரிதாக இருப்பதால் அவற்றையும் உள்ளடக்கியது என்று எண்ணுவது தவறு. அழுக்கைப் போக்கக் குழாயடியில் வேகமான நீரில் கழுவுபவர்களின் கருவிகள் பழுதாவதற்கு இதுவே காரணம். குறியீட்டில் உள்ள 'எக்ஸ்' என்ற எழுத்து, தூசி புகாமைக்கான மதிப்பீடு தரப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. ஐபி67 என்றிருந்தால் தூசியும் புகாது என்று பொருள்.

இனி, தண்ணீரில் மூழ்காத கருவிக்குள் ஈரம் எப்படி வந்தது என்ற கேள்விக்கு வருவோம். கருவிக்குள் சிறிதளவு காற்று எப்போதும் அடைபட்டிருக்கிறது. உச்சிவெயிலில் கயாக்கின் மேல்தட்டில் கிடக்கும் கறுப்பு நிறக் கருவி எளிதில் 55 பாகை செல்சியஸ் வரை சூடேறும். உள்ளிருக்கும் காற்று விரிந்து, தளர்ந்த ரப்பர் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறும். பிறகு ஓர் அலை அதன்மீது அடித்து, 29 பாகை கடல்நீர் அதைக் குளிர்விக்கும்போது, எஞ்சிய காற்று சுருங்கி உள்ளழுத்தம் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைகிறது. அது சுமார் 80 சென்டிமீட்டர் ஆழ நீர் தரும் அழுத்தத்துக்கு இணையானது. கண் முன்னே வெறும் நீர்த்தெறிப்பாகத் தெரிவது, அடைப்பைப் பொறுத்தவரை ஒரு மூழ்கலே. தரையில் மட்டும் பயன்படுத்தினாலும் சூடேறுவதும் குளிர்வதும் நாள்தோறும் நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் கருவி ஈரக்காற்றை ஒரு மிடறு உள்ளிழுக்கிறது. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நம் வெளிக்காற்றிலுள்ள நீராவி, வெப்பநிலை 24 பாகையை ஒட்டி இறங்கினாலே நீர்த்துளியாக மாறத் தொடங்கும். எம்ஆர்டியின் குளிர்காற்று முதலில் குளிர்விப்பது திரைக் கண்ணாடியைத்தான். நீங்கள் பார்க்கும் ஆவி, காட்டில் உள்ளே போன காற்றின் ஈரம்.

இதற்கு உடனடி மருத்துவம் எளியது. பேட்டரிகளைக் கழற்றி, மூடியைத் திறந்து வைத்து, கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் மின்சார உலர்பெட்டியில் 40 முதல் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் நான்கைந்து நாள்கள் வையுங்கள். உலர்பெட்டி இல்லையென்றால், காற்றுப்புகாத டப்பாவில் புதிய சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். அரிசியில் புதைப்பதால் பெரிய பயன் இல்லை, மாவுத்தூள்தான் துளைகளில் போய் அடையும். முடி உலர்த்தும் கருவியைக் கொண்டு சூடுகாட்டவே கூடாது. திரையை ஒட்டியுள்ள பசை இளகி, இருக்கும் அடைப்பும் போய்விடும். இதே காரணத்தால், பேட்டரி மாற்றுவதைக் காட்டுக்குள் செய்யாமல், முந்தைய இரவே குளிர்சாதன அறையில் முடித்துவிடுவது நல்லது. அங்குள்ள வறண்ட காற்றை உள்ளே வைத்து மூடுகிறீர்கள்.

பிசுபிசுக்கும் ரப்பர் பற்றி: கைக்கு மென்மையாக இருக்கப் பூசப்படும் பாலியூரித்தேன் வகைப் பூச்சுகள் பல, காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து மெல்லச் சிதைந்து பசைபோல் ஆகின்றன. வறண்ட நாடுகளில் நெடுநாள் தாங்குவது நம் ஊர் அலமாரியில் சில ஆண்டுகளிலேயே இந்த நிலைக்கு வந்துவிடும். மேற்பூச்சு மட்டும் பிசுபிசுத்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பார்த்து, திரையில் படாமல் துடைத்தெடுக்கலாம். ரப்பர் பட்டையே கழன்று வந்தால் வீட்டு வைத்தியம் உதவாது. அதோடு, நீங்கள் பூசும் கொசு விரட்டியின் குப்பியைத் திருப்பி அதிலுள்ள பொருள்களைப் படித்துப் பாருங்கள். டீட் என்ற வேதிப்பொருள் தோலுக்குப் பாதுகாப்பானது, ஆனால் பல வகை நெகிழியை இளக்கிவிடும். கைக்கடிகாரக் கண்ணாடியும் கருவியின் திரையும் அதற்குத் தப்புவதில்லை. டெங்கி உள்ள ஊரில் விரட்டியைக் கைவிடச் சொல்ல மாட்டேன். பிகாரிடின் கலந்த விரட்டி நெகிழியைக் கெடுப்பதில்லை, அதற்கு மாறிக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில், இந்தக் கருவிகளைக் காட்டைவிட அதிகமாகக் கெடுப்பது பேட்டரி அறைதான். பயணம் முடிந்ததும் அல்கலைன் பேட்டரிகளை உள்ளேயே விட்டுவிட்டு மேசை இழுப்பறையில் போடுகிறோம். சில மாதங்களில் அவற்றிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து, காற்றோடு சேர்ந்து வெண்ணிறப் பொருக்காகப் படிந்து, உலோகத் தகடுகளை அரித்துவிடுகிறது. பொருக்கு சிறிதளவே இருந்தால், பஞ்சு சுற்றிய குச்சியில் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்து உலரவிடலாம். இதைவிட மேலானது, அல்கலைனைத் தவிர்ப்பது. வார இறுதி நடைகளுக்கு மின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளும், ஜொகூரின் குனோங் லேடாங் மலை போன்ற நெடும்பயணங்களுக்கு எடை குறைந்த 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ பேட்டரிகளும் பொருத்தமானவை. இரண்டுமே அல்கலைன் அளவுக்குக் கசிவதில்லை. கருவியின் அமைப்புப் பட்டியலில் பேட்டரி வகையையும் மாற்றிவிட வேண்டும், இல்லையேல் மீதமுள்ள மின்னளவைத் தவறாகக் காட்டும். உபினின் கெத்தாம் மிதிவண்டிப் பாதையில் கருவி காரணமின்றி அணைகிறது என்று சிலர் சொல்வதுண்டு. அதிர்வில் பேட்டரி ஒரு நொடி தகட்டைவிட்டு விலகுவதே பெரும்பாலும் காரணம்; பேட்டரியைச் சுற்றி இரண்டு சுற்று ஒட்டுநாடா ஒட்டினால் ஆட்டம் நிற்கும்.

கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசித் துடைத்து, யூஎஸ்பி துளை முழுவதும் காய்ந்த பிறகே மின்னேற்றம் செய்ய வேண்டும். உப்பு ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஊசிகள் விரைவில் அரிக்கும். காற்றழுத்த உயரமானி உள்ள மாதிரிகளில் காணப்படும் சிறு துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள்.

விழுந்தால் தாங்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் புதிது வாங்கும்போது எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க இராணுவச் சோதனைத் தரம் கண்ணில் படும். அதில் பல தனித்தனிச் சோதனைகள் உள்ளன. எவற்றைச் செய்தோம் என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துச் சொல்லிக்கொள்ளலாம். எனவே எந்தச் சோதனை என்று குறிப்பிடாத இடத்தில் அந்த எழுத்துகளுக்கு மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. மணிக்கட்டோடு இணைக்கும் ஒரு கயிறு அதைவிட நன்றாகக் காக்கும்.

ஆகவே என் யோசனை இது. பழைய கருவியை உலர்த்தி நடைப்பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கயாக்குக்கு, தண்ணீரில் மிதக்கக்கூடிய, பொத்தான்களால் இயங்கும் கருவி ஒன்றை வாங்குங்கள். கார்மின் ஜிபிஎஸ்மேப் 79, 86 வரிசைகள் மிதப்பவை. ஈர விரலுக்கும் மழைத்துளிக்கும் வேறுபாடு தெரியாமல் தொடுதிரை தடுமாறும்போது பொத்தானின் அருமை புரியும். அதுவரை கடலுக்குப் பழையதையே கொண்டுபோக நேர்ந்தால், ஒளி ஊடுருவும் நீர்புகாப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். துணைக்கோள் சமிக்ஞை நெகிழியைத் தடையின்றிக் கடக்கும். ஜொகூர் நீரிணையில் மலேசியாவுடனான கடல் எல்லை அருகிலேயே இருப்பதால், காகித வரைபடத்தையும் காம்பஸையும் கயாக்கில் வையுங்கள். தேசிய சேவை எனும் கட்டாயப் படைப்பயிற்சியை முடித்தவர் ஒருவரேனும் குழுவில் இருந்தால் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கும்.

சிங்கப்பூர்க் கடையில் வாங்கும் கருவியில் ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும் என்று 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள்களுக்கான 'லெமன் சட்டம்' கூறுகிறது. தேய்மானத்துக்கு அது பொருந்தாது. தனிநபர் ஒருவர் இணையத்தில் விற்கும் பழைய கருவிக்கும் பொருந்தாது. பழையது வாங்குவதென்றால் பேட்டரி மூடியைத் திறந்து தகடுகளையும் ரப்பர் வளையத்தையும் பாருங்கள், பிறகு வானம் தெரியும் இடத்தில் இயக்கித் தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் வாரக்கணக்கு 1,024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். சிங்கப்பூர் நேரப்படி 2019 ஏப்ரல் 7 காலை 8 மணியளவில் அது திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில கருவிகளின் நாள்காட்டி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னே போய்விட்டது. அத்தகைய கருவி இடத்தைச் சரியாகக் காட்டினாலும், பதிவான பாதைகளின் தேதியையும் சூரியன் மறையும் நேரத்தையும் தவறாகக் காட்டக்கூடும். புதுப்பித்தும் தேதி திருந்தாவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.