அல்லியம் விதை: சூட்டில் உறங்கும், குளிரில் முளைக்கும்

கேள்வி: ஏப்ரலில் அல்லியம் கிறிஸ்டோஃபி விதையை வீட்டுக்குள், ஹீட்டர் பக்கத்து ஜன்னலோரம் விதைத்தேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை சொத்தையா?
- வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: விதைமேல் பழி போடாதீர்கள், சூடுதான் வினை. அல்லியம் என்பது வெங்காய இனம்; பூவுக்காக வளர்க்கும் இந்தப் பூவெங்காயம் ஈரான், துர்க்மெனிஸ்தான் மலைச்சரிவுகளைச் சேர்ந்தது. கோடையில் உதிரும் விதை, குளிர்கால ஈரத்தில் ஊறிக் கிடந்துதான் முளைவிடும். தொட்டியைக் கொட்டிவிடாமல் வெளியே வையுங்கள். அடுத்த வசந்தத்தில் முளைக்க வாய்ப்புண்டு.

புதிதாக விதைப்பதென்றால் அக்டோபர்தான் சரி. வெங்காய விதை சீக்கிரம் வீரியம் இழக்கும். அந்த ஆண்டு அறுத்த விதையையே கேட்டு வாங்குங்கள். தொட்டி 15 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். விதைப்பு மண்கலவை பாதி, பெர்லைட் (இலேசான வெள்ளைக் கல்துகள்) அல்லது பருமணல் பாதி. 2 செ.மீ. இடைவெளியில் விதைத்து அரை செ.மீ. மண் மூடி, மேலே பொடிக்கல் தூவுங்கள். பாசி பிடிக்காது, மழையில் விதை தெறிக்காது. அணில் கிளறாமலிருக்கக் கம்பிவலை போட்டு வெளியிலேயே விடுங்கள். மேலே பனி கொட்டினாலும் கவலையில்லை.

ஜனவரி ஆகிவிட்டதா? ஈர வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்துவைக்கும் தாதுத் துகள்) விதையைக் கலந்து, ஜிப் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் 8 முதல் 12 வாரம் வையுங்கள். ஃப்ரீசர் கூடாது. ஒரு மாதத்துக்குப் பிறகு வாரந்தோறும் திறந்து பாருங்கள். பைக்குள்ளேயே முளைத்துவிடும், வெள்ளை வேர் தெரிந்ததும் நட்டுவிட வேண்டும்.

முளை கொண்டை ஊசிபோல் வளைந்து வரும். நுனியில் கறுப்பு விதைத்தோல் தொங்கும். அதைப் பிய்க்காதீர்கள், இலை அறுந்துவிடும். பார்க்கப் புல் மாதிரியே இருப்பதால் களையென்று பிடுங்கியவர்கள் அநேகம். பெயர்ச்சீட்டு குத்திவையுங்கள்.

கேள்வி: மார்ச்சில் முளைத்த நாற்றுகள் ஜூனில் மஞ்சளாகின. கூடுதலாகத் தண்ணீர் விட்டேன், அழுகிவிட்டன. என்ன நோய்?
- வாசகர், லண்டன்

பதில்: நோயில்லை, ஓய்வு. முதல் ஆண்டில் ஒரே ஒரு இலைதான். அது சேர்த்த உணவை மண்ணுக்கடியில் துவரம்பருப்பு அளவுக் கிழங்காக்கிவிட்டுக் காய்ந்துவிடும். அப்போது வேருக்கு வேலையில்லை. நீங்கள் விட்ட தண்ணீர்தான் கிழங்கை அழுகவைத்தது. இலை பசுமையாக இருக்கும்போது தக்காளிச் செடிக்கென விற்கும் உரத்தைப் பாதி வலுவில் விடுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மஞ்சள் கண்டதும் நீரை நிறுத்தி, மழை படாத நிழலுக்கு மாற்றுங்கள். செப்டம்பர் கடைசியில் மறுபடி நனைத்தால் போதும்.

இரண்டு கோடை அதே தொட்டியிலேயே கழியட்டும். அவ்வளவு சின்னக் கிழங்கைக் கிளறினால் பாதி தொலைந்துபோகும். பூவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. அல்லியம் ஜைகான்டியம் இன்னும் நிதானம். 'பர்ப்பிள் சென்சேஷன்' என்ற அல்லியம் ரகத்தின் விதையில் வருவது தாயின் அடர்நிறத்தில் இருக்குமென்று உறுதியில்லை, பல வெளிறிப்போகும். 'குளோப்மாஸ்டர்' என்ற ரகம் விதை பிடிக்காத மலட்டுக் கலப்பினம். அதன் விதை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: கோத்தகிரியில் இவை பூக்குமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: ஃப்ரிட்ஜ் வைத்து முளைக்க வைக்கலாம். ஆனால் பூத்தண்டு எழ ஆண்டுதோறும் நீண்ட குளிர் வேண்டும், நம் மலைக்குளிர் அதற்குப் போதாது. பூண்டு வாசமுள்ள தட்டையிலை கார்லிக் சைவ்ஸ் விதையுங்கள். குளிரூட்டல் தேவையில்லை, 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். வெள்ளைப் பூக்கொத்தை இரண்டாம் ஆண்டில் எதிர்பார்க்கலாம்; இலை சமையலுக்கும் ஆகும்.